மறதி நோயும் தொலைபேசியும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் கிராமங்களில், முதியவர் ஒருவர் உண்டதை மறந்து சோறு கேட்பார்; நெடுநாள் வாழ்ந்த மனையிலிருந்துகொண்டே "வீட்டுக்குப் போகவேண்டும்" என்று புறப்படுவார். வயதானால் அப்படித்தான் என்று ஊரார் கூறிவிடுவர். இஃது மூளையைப் பற்றிய நோயென அறியாமையால், தீப்பெட்டி ஆபீசு வேலையை விட்டுக் காவலிருக்கும் மருமகளே பழி சுமக்கின்றாள். இந்தியாவில் 60 வயது கடந்தோருள் நூற்றுக்கு ஏழுபேருக்கு மேல் இந்நோயுண்டென 2023இல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது.

இக்குடும்பத்தார்க்குத் தொலைபேசியிலே ஆலோசனை கிடைக்கும். முதியோர்க்குரிய 14567 என்னும் எண் காலை 8 முதல் இரவு 8 மணி வரையிலும், 2022இல் தொடங்கிய மனநல எண்ணாகிய 14416 இராப்பகலும் பயன்படும். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

எண்ணைச் சுவரில் எழுதிவைத்தாற் போதுமென்பது எமது அபிப்பிராயமன்று. வீட்டுக் கைபேசி பெரும்பாலும் வேலைக்குச் சென்ற மகனிடமன்றோ இருக்கிறது! அது கிடைப்பினும், மாமியாரைக் குறை கூறினாளென்ற சொல்லுக்கு மருமகள் அஞ்சுவாள். விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவர், தம் கைபேசியை அவளிடம் தந்து, அவள் பேசி முடிக்குமளவும் பெரியவரோடு திண்ணையில் அமர்ந்திருக்கலாகாதா?

தொலைபேசி வைத்தியசாலையாகாது. வைட்டமின் பி12 குறைவாலும் தைராய்டு கோளாறாலும் நேரும் மறதி மருந்தாற் சீர்ப்படக்கூடும். அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். இரண்டொரு நாளிலே திடீரெனப் புத்தி தடுமாறினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். மற்றை நாட்களிலோ, வீட்டுக்குப் போகவேண்டும் என்பாரோடு வழக்காடாமல், அவ்வீட்டில் யார் யார் இருந்தனரெனக் கேட்டுக்கொண்டே தெருவில் நாலடி உடன் நடந்து திரும்புதலே நலம்.