“விளங்குதா?” என்று கேட்டால் போதுமா?

“விளங்குதா?” என்று ஆசிரியர் கேட்கிறார். “விளங்குது சேர்” என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. பூண்டுலோயாப் பகுதித் தோட்டப் பாடசாலைகளில் இந்தப் பதிலை நம்பியே பாடம் நகர்கிறது. விளங்காத பிள்ளை தவணைப் பரீட்சையில் அகப்படுகிறது. பின் வரவு குறைந்து, ஒருநாள் நின்றே விடுகிறது.

இத்தாலியின் பார்பியானா மலைக்கிராமத்தில் லொரென்சோ மிலானி அடிகளாரிடம் படித்த ஏழை விவசாயிகளின் பிள்ளைகள், தங்களைத் தோல்வியடையச் செய்த கல்விமுறையைப் பற்றி 1967இல் ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்றொரு நூலே எழுதினர். கொழுந்து பறிப்போரின் பிள்ளைகளுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சாசனத்தின் 12ஆம் உறுப்புரை அதற்கு இடமளிக்கிறது.

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் ஆளுக்கொரு துண்டுக் கடதாசி. பெயர் வேண்டாம். எது விளங்கவில்லை, எங்கே வேகமாகப் போய்விட்டோம்? இரண்டே கேள்விகள். லயத்துப் பேச்சிலேயே எழுதட்டும், திருத்த வேண்டாம். கையெழுத்தை வைத்து ஆளைப் பிடிக்கும் ஆசிரியர் இதைத் தொடங்காமலிருப்பதே நல்லது. அதிபரும் இத்துண்டுகளைக் கேட்கக்கூடாது. கேட்டால் புகழ்ச்சி மட்டுமே எழுதப்படும்.

பின்னம் விளங்கவில்லை என்று பலர் எழுதியிருந்தால், திங்கட்கிழமை அதைச் சொல்லியே பாடத்தை மறுபடி தொடங்க வேண்டும். ‘அரைப்பேர்’ கணக்கிலிருந்து தொடங்கலாமே! வீட்டில் அது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. திங்கட்கிழமை ஒன்றும் மாறாவிட்டால், மூன்றாம் வாரம் துண்டுகள் வெறுமையாகவே வரும்.