கொழுந்துக் கூடையும் கூலிக் கணக்கும்

உதகமண்டலத்துக்குத் தென்மேற்கே எமரால்டு என்றொரு சிற்றூர் இருக்கிறது. மரகதம் என்பது அதன் பொருள். நீர்த்தேக்கமும் அதைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளும் அப்பெயரைப் பொய்யாக்கவில்லை. உல்லாச யாத்திரை போகிறவர்கள் அந்தப் பசுமையில் மெய்ம்மறந்து, கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் ஸ்திரீகளையும் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்களுடைய கூலி என்னவென்று விசாரிப்பவர்கள் அபூர்வம். நாம் சற்றே விசாரிப்போம்.

சம வேலைக்குச் சம கூலி என்பது 1950-ல் நமது அரசியல் சட்டத்திலேயே கொள்கையாக இடம் பெற்றது. 1958-ல் இதுபற்றிய சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபன உடன்படிக்கையையும் பாரத சர்க்கார் ஏற்றுக்கொண்டார்கள். ஆயினும் கால் நூற்றாண்டுக் காலம் அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. கடைசியில் 1975 செப்டம்பரில் அவசரச் சட்டம் பிறந்தது. அது முதன் முதலில் எந்தத் தொழிலில் அமலுக்கு வந்தது தெரியுமா? தோட்டத் தொழிலில்தான், அவ்வாண்டு அக்டோபர் 15-ந் தேதி. மறு வருஷம் அது பார்லிமெண்டின் சட்டமாயிற்று.

கட்டுப்படியாகாது என்ற பல்லவியை முதலாளிகள் பாடாமலில்லை. பம்பாயில் மெக்கின்னன் மெக்கன்ஸி கம்பெனியில் வேலை பார்த்த ஆட்ரி டிகாஸ்டா என்ற ஸ்டெனோகிராபர், ஆண் ஸ்டெனோகிராபர்களைவிடத் தமக்குச் சம்பளம் குறைவு என்று வழக்காடினார். தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் கம்பெனி காட்டிற்று. பண வசதியில்லை என்றும் சொல்லிற்று. 1987-ல் சுப்ரீம் கோர்ட்டு இரண்டு வாதங்களையும் தள்ளிவிட்டது.

இத்துடன் விஷயம் தீர்ந்ததா என்றால், இல்லை. ஒரே வேலைக்கும் அதை ஒத்த வேலைக்கும்தான் சம கூலி என்கிறது சட்டம். திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றைக் கொண்டு ஒப்புமை பார்க்கச் சொல்கிறது. வேலையையே ஆண் வேலை, பெண் வேலை என்று பங்கு போட்டுவிட்டால் என்ன செய்வது? கொழுந்து பறிக்கப் பெண்களின் மெல்விரலே ஏற்றது என்று புகழ்கிறார்கள். மேஸ்திரி உத்தியோகம் என்று வரும்போது பெரும்பாலும் புருஷர்களையே தேடுகிறார்கள்! உத்தியோக உயர்விலும் பாரபட்சம் கூடாதென்று 1987-ல் சட்டம் திருத்தப்பட்டது. பழைய சட்டத்தின் இடத்தில் 2019-ம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வந்திருக்கிறது.

நேயர்களில் நிலபுலன் உள்ளவர்கள் பலர் இருப்பார்கள். விவசாய வேலைக்கு ஆள் பேசும்போது ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதில் குறைத்து ஒரு கூலி என்பது நாட்டில் பல இடங்களில் காணும் வழக்கம். "அவள் களைதானே எடுக்கிறாள்?" என்று சமாதானமும் சொல்வோம். காலை முதல் மாலை வரை குனிந்தே களை எடுக்கிறவளின் இடுப்பு நோவு நம் கணக்கில் வருவதில்லை. மலையிலுள்ள துரைமார்களைக் குறை கூறுமுன், நமது வீட்டுக் கணக்குப் புத்தகத்தை ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது.