பேபி ரூமும் சீதனம்தான்

எங்கட கரையோரத்தில மகளுக்கு வீடு கட்டிக் குடுத்தால்தான் கலியாணம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, எங்கேயும் இதுதான் வழமை. அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்தத் தாய்வழி வீட்டு முறையை விரிவாக எழுதியிருக்கிறார். பெண்ணுக்குச் சொத்து, நல்லதுதானே என்பார்கள். கட்டுகிற வாப்பாவிடம் போய்க் கேளுங்கள்.

இப்ப வீட்டோடும் முடியுதில்லை. முதல் பிள்ளை உண்டானதும் பேபி ரூம்: சுவருக்குத் தனிப் பெயின்ட், மெத்தை தலையணையோட கட்டில், முடிந்தால் ஏசி. காசு? திரும்பவும் பொம்பிளை வீடு. சீதனத்துக்கு எதிராகப் பதிவு போடுகிற நம்ம நண்பர்களே இதை "மூத்தம்மாட அன்பளிப்பு" என்கிறார்கள். வீட்டில் இன்னும் ரெண்டு குமர் இருந்தால், அந்த அறைக்காசு அடுத்தவளின் வீட்டு அத்திவாரம்.

இத்தனைக்கும் பிள்ளை அந்த அறையில் தனியாகத் தூங்கவே கூடாதாம். குறைந்தது முதல் 6 மாதம் பெற்றோரின் அறையில், ஆனால் தனிப் படுக்கையில் தூங்கட்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம். தட்டையான, இறுக்கமான மெத்தை, தலையணை வேண்டாம். கட்டிலைச் சுற்றிக் கட்டுகிற பஞ்சு பம்பரை 2022இல் அமெரிக்கா சட்டம் போட்டே தடை செய்தது. மூச்சடைக்கும் என்று பயம். (ஏணைக்கு வக்காலத்து வாங்கவில்லை. அதுவும் தட்டையில்லை.)

அப்ப அந்த அறை யாருக்கு? பிள்ளை பார்க்க வாறவங்களுக்கு.

மாப்பிள்ளைமாரே, ஒரு சின்னக் கட்டில், ஒரு நுளம்பு வலை. உங்கட சம்பளத்தில வாங்குங்க, உங்கட கட்டிலுக்குப் பக்கத்தில போடுங்க. ராவைக்கு எழும்புறதும் நீங்கதான்.