செய்தி கூறும் சொற்பொழிவு

மேடைப் பேச்சு என்றதும் நம்மவருள் பலருக்கு அடுக்குமொழியும் கைதட்டலுமே நினைவுக்கு வருகின்றன. வாழ்த்துரையிலும் பாராட்டுரையிலும் பட்டிமன்ற வாதத்திலும் நாம் நெடுநாள் பழகியவர்கள். ஆனால், கேட்போர் அறியாத ஒன்றை அவர்கள் அறியுமாறு எடுத்துரைப்பதில் நமக்குப் பயிற்சி குறைவு. பேச்சு வகுப்புகளில் முதலில் கற்பிக்கத்தக்கது இதுவே என்பது நம் கருத்து. அதன் முறையை இம்மாதம் ஆராய்வோம்.

பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று கொள்வோம். ‘பாம்பன் பாலத்தின் பெருமை’ என்று தலைப்பிட்டால் பேச்சு புகழ்மாலையாகிவிடும். ‘ரயில் செல்லும் பாலம் கப்பலுக்கு எவ்வாறு வழி விடுகிறது?’ என்று ஒரு வினாவை அமைத்துக்கொண்டால் பேச்சுக்கு எல்லை கிடைத்துவிடும். அவ்வினாவுக்கு விடையாகாதது எத்துணைச் சுவையுடையதாயினும் ஒதுக்கத்தக்கதே. 1964 டிசம்பர்ப் புயலைப் பற்றி உள்ளத்தை உருக்கும் செய்திகள் பல உண்டு. அவை வேறொரு பேச்சுக்கு உரியவை.

அடுத்து, விடையை மூன்று கூறுகளாக வகுத்துக்கொள்க. முதலாவது, தேவை: பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே செல்லும் கலங்கள், இராமேசுவரம் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தைக் கடந்தாக வேண்டும். இரண்டாவது, பழைய பாலம்: 1914இல் திறக்கப்பட்ட அதன் நடுப்பகுதி, இரட்டைக் கதவு திறப்பதுபோல் இரு கூறாக மேல்நோக்கிப் பிரிந்தது, அதைத் தொழிலாளர் கையால் இயக்கினர். மூன்றாவது, 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலம்: இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி பிளவுபடாமல், மாடிக் கட்டடத்து லிஃப்டைப் போல், மின்விசையால் நேராக மேலெழுகிறது.

எண்களை அப்படியே சொன்னால் காதோடு போய்விடும். பாலத்தின் நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி என்பதோடு நில்லாமல், நடந்தால் அரைமணி நேரமாகும் தொலைவு என்க. 17 மீட்டர் உயரும் என்பதை ஏறத்தாழ ஐந்து மாடி உயரம் என்க. கேட்போர் கண்ணால் கண்ட பொருளோடு சேர்த்துச் சொன்னது மனத்தில் தங்கும்.

முழுப்பேச்சையும் மனப்பாடம் செய்தல் ஆகாது. ஒரு வரி மறந்தால் எல்லாம் மறந்துபோகும். சிறு அட்டையில் மூன்று குறிப்புகள் எழுதிக்கொண்டு, கடிகாரத்தை முன்வைத்து உரக்கச் சொல்லிப் பழகுக. மேடையில் இருப்போர் அனைவரையும் பெயர் சொல்லி விளிப்பதில் ஒரு நிமிடம் செலவானால் எஞ்சுவது நான்கே.

பேச்சு முடிந்தபின், கேட்டவர் ஒருவரிடம் இரு பாலங்களுக்கும் உள்ள வேறுபாடு யாது என்று வினவுக. அவர் தம் சொற்களில் விளக்கினால் பேச்சு வென்றது. ‘அருமையாகப் பேசினார்’ என்று மட்டும் சொன்னால் இன்னும் பயிற்சி வேண்டும்.

இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெளிமாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். அவையில் வாய் திறக்க அஞ்சுகின்றனர். அலங்கார நடை தமக்கு வாராது என்பதும், உச்சரிப்பைக் கேட்டுப் பெரியோர் நகைப்பர் என்பதுமே அவர்கள் அச்சம். அவையஞ்சாமைக்கென வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்திருக்கையில், அவ்வச்சம் இழிவன்று. செய்தி கூறும் பேச்சு அலங்காரத்தை வேண்டுவதில்லை. தெளிந்த பொருளும் எளிய சொல்லும் போதும். பள்ளியில் கற்ற அறிவியலையோ, தாம் வாழும் ஊரின் வரலாற்றையோ அவர்கள் தமிழில் சொல்லட்டும். லகர ளகரப் பிழைகளைப் பின்னர்த் தனியே திருத்தலாம். அவையில் ஒருமுறை நகைத்தால், அப்பிள்ளை மறுமுறை எழுந்து பேசமாட்டான். அந்த இழப்பு அவனுக்கு மட்டுமன்று, தமிழுக்கும் உரியது.