அவளுக்கும் ஒரு ‘வேண்டாம்’ வேண்டும்

‘ட்ரையல்ஸ் இன் டெயின்டட் ஸ்பேஸ்’ என்பது ஒரு கணினி விளையாட்டின் பெயர். அந்த நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால், முலையைக் குறிக்கும் கொச்சைச் சொல் வரும். தெரிந்தே வைத்த பெயர்தான். வாசலில் நின்று ஆணைப் பார்த்துக் கண்ணடிக்கும் பெயர்ப்பலகை அது. 2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயரிட்டபோது அவருக்கு வசவும் மிரட்டலும் வந்து சேர்ந்தன. ஆண் சிரித்துக்கொள்ள உதவினால் அந்தச் சொல் வேடிக்கை. பெண் தன் உடம்பைத் தானே பெயர் சொல்லி அழைத்தால் ஆபாசம். இந்தக் கணக்கு எனக்குப் பழக்கமானது. அதனால்தான் பலகையைப் பார்த்து முகம் சுளித்துத் திரும்பிவிடாமல் உள்ளே போய்ப் படித்தேன்.

படித்தேன் என்பது சரியான சொல். இது பெரும்பாலும் எழுத்தால் ஆன விளையாட்டு. ஃபெனாக்ஸோ என்ற புனைபெயரில் இயங்கும் ஒருவர் தொடங்கியது. பல எழுத்தாளர்கள் சேர்ந்து வளர்த்தது. ஒரு பெரும் பணக்காரர் சாகிறார். தன் சொத்துக்கு வழிகாட்டும் விண்கலன்களைப் பல கோள்களில் ஒளித்துவைத்துவிட்டுப் போகிறார். அவருடைய வாரிசு நீங்கள். போட்டிக்கு ஓர் உறவுக்காரர். கப்பலேறிக் கோள் கோளாக அலைய வேண்டும். வழியில் சண்டை, வணிகம், கலவி. தொடங்கிப் பத்தாண்டு கடந்த பிறகும் கதை முடியாத நிலையிலேயே பதிப்புகள் வந்துகொண்டிருந்தன.

முதலில் இதன் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். பலத்தைச் சொல்லாமல் செய்யும் விமர்சனம் வெறும் ஒழுக்க உபதேசம். தொடக்கத்திலேயே உங்கள் உடலை நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஆணா, பெண்ணா, இரண்டுமா என்ற கேள்விக்கு இங்கே ஒற்றை விடை கிடையாது. முகத்தின் பெண்மை, ஆண்மைகூட ஓர் அளவுகோலில் நகரும் புள்ளி. போகப்போக உடல் மாறும். மாறிய உடலுக்கேற்ப வாக்கியங்களும் மாறும். பிறக்கும்போது எழுதித் தந்த பாலினமே கடைசிவரை என்று கேட்டு வளர்ந்த ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கும் பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகள் இவ்வளவு தூரம் வரத் துணிவதில்லை.

இரண்டாவது பலம், இதில் உலகம் இருக்கிறது. மிரெல்லியன் என்ற கோளில் எறும்பைப் போன்ற இரு மக்களினங்கள், சிவப்பு மிர், பொன்னிற மிர். கொடும்போருக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் முறியக்கூடிய போர்நிறுத்தம். பிடிபட்ட நகரத்தில் வென்ற படை காவல் நிற்கிறது. படையிலும் ஆட்சியிலும் பெரும்பாலும் பெண்கள். கோள்களைத் திறந்து பங்குபோடும் நிறுவனங்களின் பேராசையும் கதையில் மறைக்கப்படவில்லை. காமத்தை எழுத வந்தவர்கள் அரசியலையும் எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்தவர்கள் என்பதால்தான் என் சண்டை இன்னும் கடுமையாகிறது.

சண்டைக் காட்சிகளைப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் உயிருக்கு ஓர் அளவு, இச்சைக்கு ஓர் அளவு. எதிராளியைக் காயப்படுத்தியும் வெல்லலாம், இச்சையைத் தூண்டியும் வெல்லலாம். இச்சை 100ஐத் தொட்டால் தோல்வி. அதாவது, விரும்புவது என்பது அடிபடுவது. ஆசை வந்தவள் தோற்றவள். தோற்றவரின் உடல் வென்றவருக்குக் கிடைக்கும் பரிசு. வென்றால் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், அல்லது விட்டுவிட்டுப் போகலாம். தோற்றால் பெரும்பாலும் உங்களுக்கு அது நடக்கும். ஆணாக ஆடினாலும் பெண்ணாக ஆடினாலும் இதே விதி என்று இதன் ரசிகர்கள் சொல்வார்கள், ஏதோ சமத்துவம் போல. வன்முறையை இரு பக்கமும் பங்கிட்டுவிட்டால் அது சமத்துவம் ஆகிவிடுமா? போர் முடிந்த ஊர்களில் பெண்களுக்கு நடந்ததன் இலக்கணத்தை அப்படியே எடுத்து விளையாட்டின் விதியாக்கியிருக்கிறார்கள்.

நான் தமிழ் கற்பிப்பவள். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று வகுப்பில் சொல்லிச் சொல்லித் தழும்பேறிய நாக்கு என்னுடையது. இந்தப் பிரதி முழுவதும் விளையாடுபவரை ‘நீ’ என்றே அழைக்கிறது. ‘நீ’ பார்க்கிறாய், ‘நீ’ தேர்கிறாய், ‘நீ’ மறுக்கிறாய். மற்ற எல்லாரும் படர்க்கை. அவள், அவன், அது. அவர்கள் பேசுவார்கள், சிரிப்பார்கள், சிலர் மறுக்கவும் செய்வார்கள். ஆனால் கதை திரும்பும் இடத்தில் முடிவெடுக்கும் பொத்தான் ஒருபோதும் அவர்கள் கையில் இல்லை.

ரேஹா என்ற பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். பாலியல் விடுதியில் அடிமையாக இருப்பவள். இச்சையைத் தூண்டும் போதைக்கும் அடிமை. அவளை நீங்கள் விலைகொடுத்து வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொள்ளலாம். பொறுமையோடு அவளைப் போதையிலிருந்து மீட்கலாம். அந்தப் பகுதிகள் இரக்கத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவளுடைய மீட்சி உங்கள் மனநிலையைப் பொறுத்தது. மீட்காமலும் வைத்துக்கொள்ளலாம். நல்ல எசமானும் எசமான்தான் என்பதைப் பெண்கள் தனியாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம்.

முதல் கோளின் காடுகளில் வாழும் சில் என்ற பூர்வகுடிகளின் கதையும் இதுதான். ஆய்வகத்துக்காக அவர்களை உயிரோடு பிடித்துத் தரும் வேலை உங்களுக்குக் கிடைக்கும். அது கொடுமை என்று எழுதியவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வேலை உங்கள் பட்டியலில் இன்னொரு வரியாகவே நிற்கிறது. கண்டிக்கத் தெரிந்த கதைக்குக் கைவிடத் தெரியவில்லை.

முடியாமல் கிடப்பதையும் நான் தற்செயலாகப் பார்க்கவில்லை. மாதந்தோறும் பேட்ரியான் வழியே ரசிகர்கள் அனுப்பும் பணத்தில் நடக்கும் வேலை இது. பணம் கட்டியவர்களுக்குப் புதிய பதிப்பு முதலில், மற்றவர்களுக்குப் பிறகு இலவசமாக. பெரிய முதலாளி இல்லாததால் கிடைத்த சுதந்திரம் உண்மையானது. ஆனால் கதை முடிந்தால் வருமானமும் முடியும். மாதாமாதம் காட்ட வேண்டியது புதிய உடல், புதிய காட்சி. ஒரு பாத்திரத்தைத் திரும்பிப் போய் ஆழப்படுத்துவதைவிட இன்னொரு பாத்திரத்தைச் சேர்ப்பது லாபம். அதனால் உலகம் பக்கவாட்டில் வீங்கிக்கொண்டே போகிறது. தந்தையின் சொத்துத் தேடல் பாதியில் நிற்பதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெண்கள் பாதியில் நிற்பதுதான் என் வழக்கு.

‘கற்பனைதானே, இதற்கு இவ்வளவா?’ என்பார்கள். கற்பனை என்பதால்தான். காதில் பூனைமயிரும் முதுகில் இறக்கையும் முளைக்கும் உலகைக் கற்பனை செய்ய முடிந்தவர்களால், ‘வேண்டாம்’ என்று ஒருத்தி சொன்னதும் கதை வேறு திசையில் போகும் உலகைக் கற்பனை செய்ய முடியவில்லையா?

‘அப்படியானால் தடைசெய்’ என்று சொல்பவர்களோடும் நான் சேரமாட்டேன். வன்புணர்வையே மையமாக்கிய ‘நோ மெர்சி’ என்ற விளையாட்டை எதிர்த்து 2025இல் ஆஸ்திரேலியாவின் கலெக்டிவ் ஷவுட் அமைப்பு குரல் கொடுத்தது. கோபம் நியாயமானது. ஆனால் அவர்கள் அடுத்துப் போய்க் கதவைத் தட்டியது பணப்பரிமாற்ற நிறுவனங்களிடம். அந்த ஜூலையில் ஸ்டீம் தளம் பல விளையாட்டுகளை நீக்கியது; இட்ச் தளம் வயதுவந்தோருக்கான படைப்புகளை மொத்தமாகத் தேடலிலிருந்து மறைத்தது. வன்முறையை விற்றவையோடு, மாற்றுப்பாலினத்தவரும் தன்பாலீர்ப்பாளர்களும் தங்கள் வாழ்வைச் சொன்ன சிறு படைப்புகளும் கண்ணில் படாமல் போயின. எது ஆபாசம் என்று கடன் அட்டை நிறுவனம் தீர்ப்பெழுதினால், நாளைக்கு நம் கவிதைத் தொகுப்பு அந்தத் தராசில் ஏறாது என்று யார் உறுதி சொல்வது? ‘முலைகள்’ என்ற தலைப்பையே தாங்காத சமூகத்தில் இருந்துகொண்டு நாம் தணிக்கையின் கையைப் பிடிக்கக் கூடாது.

ஆகவே மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான். இவற்றை ஆண்களின் குப்பை என்று ஒதுக்காதீர்கள். உங்களோடு படிக்கும் பையன்கள் ஆசையைக் கற்றுக்கொள்ளும் இடங்களில் இவையும் இருக்கின்றன. பதினெட்டு தாண்டியவர்கள் திறந்து பாருங்கள். நாவலை வாசிப்பதுபோல் வாசியுங்கள். யார் ‘நீ’, யார் ‘அவள்’, மறுக்கும் உரிமை யாரிடம், மறுத்த பிறகு என்ன நடக்கிறது என்று கேளுங்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள், கதை எழுதத் தெரிந்தவர்கள் சேர்ந்து வேறொன்றை எழுதுங்கள். காமம் வேண்டும். கூச்சமில்லாமல், வேடிக்கையோடு, எல்லா உடல்களோடும் வேண்டும். ஆனால் அதில் ஆசைப்படுவது தோல்வியாக இருக்கக் கூடாது. எதிரே இருப்பவளுக்கும் ஒரு பொத்தான் வேண்டும். அவள் அதை அழுத்தினால் கதை கேட்க வேண்டும்.