நன்றி கெட்டவர் யார்?

இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் நாயைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னால் முதல் வரி என்னவாக இருக்கும்? "நாய் நன்றியுள்ள பிராணி." தலைமுறை தலைமுறையாக இதே வரிதான். டீச்சரும் 'சரி' போட்டு ஒரு நட்சத்திரமும் போட்டுக் கொடுத்துவிடுவார். அதே பிள்ளை வளர்ந்து பெரிய ஆளானதும், யாரையாவது திட்ட வேண்டும் என்றால் வாயில் முதலில் வருவது "நாயே!"

நன்றிக்கு உதாரணமும் அதுதான், இழிவுக்கு உதாரணமும் அதுதான். இந்த முரண்பாட்டை நாம் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நம் தெருக்களில் நடப்பதெல்லாம் இந்த முரண்பாட்டின் விளைவுதான் என்றால் கொஞ்சம் யோசிக்கத்தானே வேண்டும்?

தமிழர் முன்பும் இப்படித்தான் இருந்தார்களா? இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மாடு கவர வந்த கள்வர்களோடு போரிட்டுச் செத்த ஒரு வீரனுக்கு நட்ட கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெயர் 'கோவிவன்'. கள்வனைக் கடித்து நின்ற நாய் அது. சுமார் 1400 வருடங்களுக்கு முன்னால் ஒரு நாய்க்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கல்லிலும் எழுதிய ஊர் இது. இன்றைக்கு? ஆசையாகப் பெயர் வைத்த நாயை ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் ஏற்றி, ஊர் எல்லையில் இறக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறார்கள்.

ஊத்துக்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரணி ஆற்றங்கரையில் இருக்கும் தாலுகா ஊர். கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா, சுருட்டப்பள்ளி வந்துவிடும். சென்னையிலிருந்து திருப்பதி போகும் வண்டிகளில் பாதி பெரியபாளையம் வழியாக இந்த ஊரைத் தொட்டுத்தான் போகின்றன. இப்படி ஒரு எல்லை ஊர், நிற்காமல் ஓடும் ரோடு, இரண்டு பக்கமும் வயலும் ஏரியும் என்றால், வேண்டாத நாயை இறக்கிவிட நினைப்பவனுக்கு இதைவிட வசதியான இடம் எது? யாரும் பார்க்க மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய்க்குக் குப்பையைக் கிளறத் தெரியாது. தெரு நாய்களோடு சண்டை போடத் தெரியாது. லாரிக்கு ஒதுங்கவும் தெரியாது. காரின் வாசனை போன திசையிலேயே ஓடும். எத்தனை நாள் ஓடும்?

நாய் வளர்ப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் அதன் சந்தோஷத்தை மட்டும்தான் பேசுகிறார்கள். சந்தோஷம் உண்மைதான். மறுக்க முடியாது. சிப்காட்டில் ஷிப்டு முடிந்து நடுராத்திரி வீடு திரும்புகிறவனை, வீடே தூங்கும்போதும் வாலை ஆட்டிக்கொண்டு வரவேற்பது அந்த ஒரு ஜீவன்தான். பரீட்சையில் தோற்ற பிள்ளையிடம் மார்க் எவ்வளவு என்று கேட்காத ஒரே உறவும் அதுதான். ஆனால் அந்த உறவுக்கு ஆயுள் பத்துப் பன்னிரண்டு வருடம். அதுவரை தினமும் சோறு, தண்ணீர், நடை, தடுப்பூசி, உடம்புக்கு வந்தால் வைத்தியம், வயதானால் பணிவிடை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டா நாய் வாங்குகிறார்கள்? விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வாங்குகிறார்கள்!

2003-ல் ஹட்ச் விளம்பரம் வந்தது. ஒரு சின்னப் பையன் போகும் இடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே போகும். அவ்வளவுதான். நாடு முழுக்க பக் மோகம் பிடித்துக்கொண்டது. மூக்கு சப்பையாக இருப்பதால் அந்த இனத்துக்கு மூச்சு விடுவதே சிரமம், வெயில் தாங்காது என்பதை விளம்பரம் சொல்லவில்லை. வாங்கியவர்களும் கேட்கவில்லை. அதன் பிறகு ஹஸ்கி வந்தது. சைபீரியப் பனியில் வண்டி இழுப்பதற்கென்று உருவான நாய் அது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் திருவள்ளூர் மாவட்டத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அதைக் கட்டிப் போடுவதற்குப் பெயர் பிராணிப் பிரியமா? அது பெருமைக்குப் பூட்டிய சங்கிலி.

நம் மண்ணுக்கு ஏற்ற நாய் இல்லாமலா போனது? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று வரிசையாக இருக்கின்றன. 2005-ல் அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலையே வெளியிட்டது. அவற்றையும் விடுங்கள். தெருமுனையில் சாக்குப் பையில் நான்கு குட்டியோடு படுத்திருக்கிறதே ஒரு தாய், அந்தக் குட்டிகளில் ஒன்றை எடுத்து வளர்த்தால் என்ன குறைந்துவிடும்? காசு கொடுக்க வேண்டாம். நம் வெயில், நம் மழை, நம் சோறு எல்லாம் அதற்குப் பழக்கம். காவலுக்கும் குறைவில்லை. ஆனால் அதற்கு 'சர்டிபிகேட்' இல்லையே! மனிதனுக்குச் சாதி பார்த்துப் பழகிய புத்தி நாயிடமும் வந்து நிற்கிறது.

வாங்கிய நாயைத் தெருவில் விடுவது குற்றம் இல்லையா? குற்றம்தான். 1960-ம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. நியாயமான காரணம் இல்லாமல், பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது தண்டனைக்குரியது. தண்டனை என்ன தெரியுமா? முதல் முறை என்றால் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். ஆம், ஐம்பதே ரூபாய்! பஸ் ஸ்டாண்டில் நாலு பேருக்கு டீ வாங்கினால் ஆகிற செலவு. அந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாக அவர் கொண்டுவந்த முயற்சிதான் பிறகு சட்டமாக வளர்ந்தது. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. ஒரு பெண்மணி அன்று போட்ட விதை அது. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த 50 ரூபாயைக்கூட உயர்த்தத் துப்பில்லாத நாடாக இருக்கிறோமே, அதற்கு யார் பொறுப்பு?

அடுத்த கூட்டத்துக்கு வருவோம். இவர்கள் நாயைத் தெருவில் விட மாட்டார்கள், நல்லவர்கள்! காப்பகத்தின் வாசலில் கட்டிப் போட்டுவிட்டுப் போவார்கள். "அங்கே நல்லா பாத்துக்குவாங்க." காப்பகம் என்றால் என்ன நினைத்தார்கள்? விடுதியா? 1959-ல் சென்னையில் ப்ளூ கிராஸ் தொடங்கியது. விமானி கேப்டன் சுந்தரம் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் கண்டு, அவற்றை மீட்டு வீட்டுக்குக் கொண்டுபோனதில் பிறந்த அமைப்பு அது என்று சொல்வார்கள். வண்டியில் அடிபட்டது, கால் ஒடிந்தது, புழு வைத்தது என்று வருகிற ஜீவன்களுக்கு வைத்தியம் பார்க்கும் இடம் அது. அங்கே கொண்டுபோய் நல்ல ஆரோக்கியமான வீட்டு நாயை விட்டால், அடிபட்ட நாய்க்கு இருக்கும் ஒரு இடத்தையும் பிடுங்குகிறோம் என்று அர்த்தம். கூட்டமாக நாய்கள் அடைந்திருக்கும் இடத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்று வந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சரசரவென்று பரவும். எஜமானைத் தேடிச் சோறு தின்னாமல் கிடக்கும் நாயும் அங்கே உண்டு. காப்பகம் கடைசிப் புகலிடம். அதைக் குப்பைத் தொட்டி ஆக்கியது யார்?

மூன்றாவது கூட்டம் இன்னும் சத்தமானது. "எல்லா நாயையும் பிடிச்சிட்டுப் போங்க!" இந்தக் கூட்டத்தின் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரேபிஸ் என்னும் வெறிநோய்க்கு உலகம் முழுக்க வருடத்துக்கு சுமார் 59,000 பேர் பலியாகிறார்கள், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பலியாவதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியே இல்லாத நோய் அது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் ஜீவகாருண்யம் பேசுகிறவன் மனிதனே இல்லை.

ஆனால் கோபம் சரி என்பதற்காக வைத்தியமும் சரியாகிவிடுமா? சென்னை இந்த வைத்தியத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டது. 1860-களிலிருந்தே மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. 1996 வாக்கில் ஒரு நாளைக்கு 135 நாய்கள் கொல்லப்பட்டன என்கிறது ப்ளூ கிராஸ். நூறு வருடத்துக்கு மேல் கொன்றும் நாய் குறைந்ததா? இல்லை! காரணம் சின்னது. தெருவில் சோறும் குப்பையும் இருக்கும்வரை, ஒரு தெரு காலியானால் பக்கத்துத் தெரு நாய் அங்கே வந்து குடியேறும். ஒரு பெட்டை நாய்க்குச் சினைக்காலம் இரண்டே மாதம். வருடத்துக்கு இரண்டு முறைகூட ஈனும். பிடிக்கிற வேகத்தைவிடப் பிறக்கிற வேகம் எப்போதும் அதிகம். 1996-ல்தான் சென்னை கருத்தடை, தடுப்பூசி என்ற வழிக்குத் திரும்பியது. பிறகு 2001-லும் 2023-லும் நாடு முழுமைக்கும் அதே வழியில் விதிகள் வந்தன.

2025-ல் இந்தச் சண்டை உச்சநீதிமன்றம்வரை போனது. ஆகஸ்ட் 11-ம் தேதி இரண்டு நீதிபதிகள் அமர்வு, டெல்லிப் பகுதி தெரு நாய்களை எல்லாம் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது. பதினோரே நாளில், ஆகஸ்ட் 22-ம் தேதி, மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்ட நாயையும் மூர்க்கமான நாயையும் விடக்கூடாது. கண்ட தெருவில் சோறு போடாமல் அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றது. நவம்பர் 7-ம் தேதி, பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க உத்தரவிட்டது. உத்தரவு போடுவது சுலபம். ஆனால் காப்பகத்துக்கு இடம் வேண்டாமா? டாக்டர் வேண்டாமா? கூண்டு, சோறு, தண்ணீர்? சென்னைக்கே மூச்சு முட்டுகிற விஷயம் இது. ஊத்துக்கோட்டை மாதிரி ஊர்கள் என்ன செய்யும்? அடிபட்ட ஒரு நாயை ப்ளூ கிராஸ் கொண்டுபோக வேண்டும் என்றாலே சென்னையைக் குறுக்கே கடந்து வேளச்சேரிப் பக்கம் போக வேண்டும். எந்த ஆட்டோக்காரர் வருவார்? 2023 விதிகள் கருத்தடைப் பொறுப்பை உள்ளாட்சிகளின் தலையில் வைத்திருக்கின்றன. விதி காகிதத்தில் இருக்கிறது. வண்டியும் டாக்டரும் வந்தால்தான் அது தெருவுக்கு வரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறியவை தெரு நாய்கள் அல்ல. காசு கொடுத்து வளர்த்த ராட்வைலர்கள். நாயின் பிழையா அது? கயிறும் வாய்மூடியும் இல்லாமல் விட்ட மனிதனின் பிழை.

கடைசியாக, பிஸ்கட் பிரியர்கள். சாயங்காலம் ஒரு பாக்கெட்டைப் பிரித்து நாலு நாய்க்குப் போட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சோறு போடுவது தப்பில்லை. ஆனால் சோறு போட்டு நம்ப வைத்த நாய்க்கு ஊசி போட வைக்காமல், கருத்தடைக்குப் பிடித்துக் கொடுக்காமல் விட்டால், அடுத்த வருடம் பட்டினி கிடக்கப் போகும் குட்டிகளுக்கு அவர்களும்தான் பொறுப்பு. தன்னைப் பிடிக்க வருகிற வண்டியைக் கண்டு ஓடும் நாய், சோறு போட்டவர் கூப்பிட்டால் வரும். அந்த நம்பிக்கையைப் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்வது பாதிக் கருணை.

சரி, என்னதான் செய்வது? பெரிய காரியம் ஒன்றும் இல்லை.

நாய் வேண்டும் என்றால் கடையில் வாங்காமல், தெருவிலோ காப்பகத்திலோ இருப்பதை எடுங்கள். பெட்டைக் குட்டி என்று ஒதுக்காதீர்கள், கருத்தடை செய்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடா வருடம். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். யாரையாவது நாய் கடித்தால் சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் என்று வைக்காமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம்.

காப்பகத்துக்கு உதவ நினைக்கிறவர்கள் நாயைக் கொண்டுபோய்த் தள்ள வேண்டாம். பழைய போர்வை, அரிசி, மருந்துச் செலவு, ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம், இவை போதும். வீட்டில் இடம் இருந்தால், ஆபரேஷன் முடிந்த ஒரு நாய்க்குப் பத்து நாள் திண்ணை கொடுங்கள். தெருவுக்கு நாலு பேர் சேர்ந்து உள்ளாட்சியில் ஒரு மனு கொடுங்கள். "நாயைக் கொல்லுங்கள்" என்று வேண்டாம், "கருத்தடை முகாம் நடத்துங்கள்" என்று கேளுங்கள். நூறு நாயில் எழுபது நாய்க்காவது ஊசி போட்டால்தான் வெறிநோய் பரவும் சங்கிலி அறும். ஒரு சின்ன ஊரில் அது எட்ட முடியாத கணக்கா?

கோவிவன் என்ற நாய்க்குக் கல் நட்டவர்களுக்கு அரசு உத்தரவு எதுவும் வரவில்லை. கூட நின்ற ஜீவனை மறக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தோன்றியது, செய்தார்கள். இன்று யாரும் கல் நட வேண்டாம். வளர்த்த நாயைக் காரிலிருந்து இறக்கிவிடாமல் இருந்தால் போதும்.

நாய் நன்றியுள்ள பிராணிதான். அதில் சந்தேகமே இல்லை. அடுத்த முறை அந்த வரியை எழுதும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "அப்போ மனுஷன்?" என்று கேட்டால், பெரியவர்கள் என்ன பதில் சொல்லப் போகிறோம்?