மானிட்டர் தூங்காவிட்டால் லினக்ஸ்தான் குற்றவாளியா?

லினக்ஸ் ஓடும் மேசைக் கணினியில் மானிட்டர் நேரத்துக்கு அணையவில்லை. அல்லது அணைந்த வேகத்தில் மறுபடி எரிகிறது. அல்லது ஒருமுறை கறுத்துப்போனால் எழவே மாட்டேன் என்கிறது. இந்த மூன்றில் எது நடந்தாலும் பலரும் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: “லினக்ஸ் என்றாலே அப்படித்தான். மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்கள், இல்லையென்றால் விண்டோஸுக்கே போய்விடுங்கள்.”

இந்தத் தீர்ப்பு தவறு. மானிட்டரின் தூக்கம் நான்கு தரப்புகள் சேர்ந்து செய்யும் வேலை. யாரும் கணினியைத் தொடவில்லை என்று நேரம் எண்ணுவது டெஸ்க்டாப் மென்பொருள். வெளியீட்டை நிறுத்துவது கெர்னலும் அதிலுள்ள கிராஃபிக்ஸ் டிரைவரும். செய்தியைக் கொண்டுசேர்ப்பது கேபிள். அதைப் புரிந்துகொண்டு தூங்கவேண்டியது மானிட்டருக்குள் இருக்கும் ஃபர்ம்வேர். நால்வரில் யார் தவறினார் என்று பார்க்காமல் மொத்தப் பழியையும் ஒருவர் மேல் போட்டால் கோளாறு தீராது. பரவலாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: “மானிட்டரைத் தூங்கவைக்க லினக்ஸுக்குத் தெரியாது”

தெரியும், தெரிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992-இல் எனர்ஜி ஸ்டார் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே வெசா அமைப்பு டிபிஎம்எஸ் என்ற தரத்தை வெளியிட்டது. கிடைமட்ட, செங்குத்து ஒத்திசைவுச் சமிக்ஞைகளில் எதை நிறுத்துவது என்பதைக் கொண்டு ஸ்டாண்ட்பை, சஸ்பெண்ட், ஆஃப் என்ற நிலைகளை மானிட்டருக்குச் சொல்லும் முறை அது. திரையைக் கையாள லினக்ஸ் பயன்படுத்திய எக்ஸ் சர்வருக்கு 90-களின் பிற்பாதியிலேயே இந்த வசதி வந்துவிட்டது. இன்றைய எக்ஸ்.ஆர்க் சர்வரில் யாரும் எதையும் மாற்றாவிட்டால் 600 நொடியில், அதாவது 10 நிமிடத்தில், திரை அணையவேண்டும்.

குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. மூன்று வெவ்வேறு செயல்களை நாம் “ஸ்லீப்” என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். திரையில் கறுப்பை மட்டும் வரைவது ஒன்று. பழைய ஸ்கிரீன்சேவர்கள் செய்தது இதைத்தான். இதில் பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மானிட்டருக்குச் செல்லும் வெளியீட்டையே நிறுத்துவது இரண்டாவது. கணினி முழுவதையும் சஸ்பெண்ட் செய்வது மூன்றாவது. இருட்டறையில் திரை மங்கலாக ஒளிர்ந்தால் நடந்தது முதலாவது. மானிட்டரின் விளக்கு நிறம் மாறியோ சிமிட்டியோ இருக்க, கணினியின் விசிறி ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது. விசிறியும் நின்றிருந்தால் மூன்றாவது. எது நடந்தது என்று சொல்லத் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வாதம் 2: “10 நிமிடம் என்று வைத்தும் அணையவில்லை, செட்டிங்ஸே வேலை செய்வதில்லை”

பெரும்பாலும் செட்டிங்ஸ் சரியாகத்தான் இருக்கும். தூங்கவேண்டாம் என்று வேறொரு நிரல் கேட்டிருக்கும். படம் ஓடும்போது திரை அணையக் கூடாது என்பதற்காக வீடியோ பிளேயர்களும் பிரவுசர்களும் டெஸ்க்டாப்பிடம் தடைக் கோரிக்கை வைக்கின்றன. பின்னணியில் திறந்துகிடக்கும் ஒரு டேபில் வீடியோ கூட்டம் முடியாமல் இருந்தால் அந்தக் கோரிக்கையும் உயிரோடு இருக்கும். கேடிஇ டெஸ்க்டாப்பில் பேட்டரி மற்றும் மின்சார ஐகானைச் சொடுக்கினால், எந்த நிரல் தடுக்கிறது என்று பெயரோடு காட்டும். கணினி முழுவதற்குமான தடைகளை சிஸ்டம்டி-இன்ஹிபிட் என்ற கட்டளை பட்டியலிடும். பெயர் தெரிந்தபிறகு அந்த நிரலை மூடினால் போதும்.

அடுத்த காரணம் உள்ளீட்டுச் சாதனங்கள். வழவழப்பான அல்லது கண்ணாடி மேசைமேல் இருக்கும் ஆப்டிகல் மவுஸ், யாரும் தொடாமலே அசைவுச் செய்தி அனுப்பும். ஒவ்வோர் அசைவிலும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்தச் சாதனங்களைக் கையாளும் லிப்இன்புட்டின் பிழையறி கருவியை டெர்மினலில் ஓடவிட்டு, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். வரிகள் தானாக ஓடினால் எந்தச் சாதனம் என்று அதிலேயே தெரிந்துவிடும். மவுஸைக் கவிழ்த்து வைத்துப் பார்ப்பது இன்னும் எளிய சோதனை.

டெஸ்க்டாப்பே இல்லாத, எழுத்துத் திரை மட்டும் உள்ள சர்வரில் மானிட்டர் அணையாததற்குத் தனிக் காரணம் உண்டு. 2017-இல் வந்த 4.12 கெர்னலிலிருந்து எழுத்துத் திரையைத் தானாக அணைக்கும் நேரம் பூஜ்யமாக்கப்பட்டது. அதாவது அணையவே அணையாது. அது பழுதல்ல, வேண்டுமென்றே எடுத்த முடிவு. பூட் வரியில் கன்சோல்பிளாங்க் என்ற அளவுருவுக்கு 600 என்று கொடுத்தால் பழைய நடத்தை திரும்பிவிடும்.

வாதம் 3: “அணைந்த மறுகணமே எரிகிறது, லினக்ஸ் டிரைவர் மோசம்”

தவறான பழி அதிகம் விழும் இடம் இதுதான். டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பில் 18-ஆம் முள் ஹாட் பிளக் டிடெக்ட். மானிட்டர் செருகியிருக்கிறதா என்பதைக் கணினிக்குச் சொல்வது அது. சில மானிட்டர்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போது இந்தக் கம்பியின் மின்னழுத்தத்தையும் விட்டுவிடுகின்றன. யாரோ கேபிளைப் பிடுங்கிவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. மானிட்டர் மீண்டும் தலைகாட்டும்போது, புதிய திரை வந்துவிட்டது என்று டெஸ்க்டாப் அதை எரியவைக்கிறது. யாரும் வரவில்லையே என்று மறுபடி அணைக்கிறது. இந்தச் சுழற்சி விடியும்வரை நடக்கும்.

இது லினக்ஸின் தனிக் குறையாக இருந்தால் விண்டோஸில் நடக்கக் கூடாது. நடந்தது. டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர் தூங்கி எழுந்ததும் சன்னல்களெல்லாம் இடம்மாறிக் கிடக்கின்றன என்று விண்டோஸ் பயனர்கள் பல ஆண்டுகள் குறைப்பட்டார்கள். மானிட்டர் இணைப்பைப் பொறுத்துச் சன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் தேர்வை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-இல் சேர்த்தது. இரண்டு இயங்குதளங்களிலும் மூலக் காரணம் ஒன்றே: தூங்குவதற்கும் துண்டிக்கப்படுவதற்கும் வித்தியாசம் காட்டாத மானிட்டர்.

உங்கள் வீட்டில் நடப்பது இதுதானா என்று லினக்ஸில் நேரடியாகப் பார்க்கலாம். சாதன மாற்றங்களைத் தெரிவிக்கும் யுடெவ் நிகழ்வுகளைக் கண்காணிக்கும் கருவியை ஓடவிட்டு மானிட்டரைத் தூங்கவையுங்கள். மானிட்டர் தூங்கும் நேரத்தில் கெர்னலின் டிஆர்எம் என்ற கிராஃபிக்ஸ் பகுதியிலிருந்து மாற்றச் செய்தி வந்தால் ஐயம் தீர்ந்தது. பிறகு மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து, தானாக உள்ளீடு தேடும் தேர்வை நிறுத்துங்கள். சமிக்ஞை நின்றதும் வேறு துளைகளைத் தேடிக் கிளம்பும் மானிட்டர் இத்தகைய குழப்பத்தைத் தானே உண்டாக்கும். ஆழ்தூக்கம் என்ற தேர்வு இருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள். அதன்பின் எச்டிஎம்ஐ கேபிளில் சோதியுங்கள். அதில் தொல்லை மறைந்தால் கோளாறு டிஸ்ப்ளேபோர்ட் வழியில்தான்.

கேபிளையும் சந்தேகியுங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டின் 20-ஆம் முள் 3.3 வோல்ட் மின்சாரம் தருவது. தரப்படி, இருபுறமும் செருகும் சாதாரணக் கேபிளில் இந்த முள்ளுக்குக் கம்பியே இருக்கக் கூடாது. சில மலிவுக் கேபிள்களில் இருக்கிறது. அப்போது மானிட்டரின் மின்சாரம் கிராஃபிக்ஸ் கார்டுக்குள் பின்வழியாகப் புகும். தூங்குவதிலும் எழுவதிலும், சில கணினிகளில் பூட் ஆவதிலும்கூடக் கோளாறு வரும். எந்த இயங்குதளத்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. கேபிளை மாற்றத்தான் வேண்டும்.

வாதம் 4: “ஒரு கட்டளை போட்டால் சரியாகிவிடும்”

கட்டளைகளை நம்புவோர் எடுத்துக்கொடுப்பது பெரும்பாலும் எக்ஸ்செட். அது எக்ஸ் சர்வரோடு பேசும் கருவி. ஃபெடோரா 2016-இலும் உபுண்டு 2021-இலும் எக்ஸுக்கு மாற்றான வேலண்டை இயல்பான அமர்வாக்கிவிட்டன. வேலண்டில் திரையை அணைப்பது எக்ஸ் சர்வரின் வேலையே அல்ல. குநோமில் மட்டர், கேடிஇ-யில் கேவின் என்று சன்னல்களைச் சேர்த்துத் திரையை உருவாக்கும் அந்தந்தக் கம்போசிட்டரின் பொறுப்பு. அங்கே எக்ஸ்செட்டால் மானிட்டரில் எந்த மாற்றமும் வராது. ஸ்வே என்ற கம்போசிட்டரைப் பயன்படுத்துவோர் ஸ்வேஐடில் என்ற தனி நிரலை அமைக்கவேண்டும். ஆகவே எந்தக் கட்டளையையும் ஒட்டுவதற்கு முன், நீங்கள் இருப்பது எக்ஸிலா வேலண்டிலா என்று பாருங்கள். குநோமில் செட்டிங்ஸின் கணினி விவரப் பக்கத்தில் அது எழுதியிருக்கும்.

இந்தப் பிளவு பயனரைத் திணறவைக்கிறது என்ற குறை நியாயமானது. அதை ஏற்கிறேன். ஒரே கேள்விக்கு டெஸ்க்டாப்புக்கு ஒரு பதில் என்பது புதியவருக்குச் சுமைதான். ஆனால் அது வழிகாட்டுதலின் குறை, தூங்கவைக்கும் திறனின் குறை அல்ல.

வாதம் 5: “சஸ்பெண்டுக்குப் பிறகு கறுப்புத் திரை, எல்லாம் செத்துவிட்டது”

எல்லாமே செத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேப்ஸ் லாக்கை அழுத்தும்போது விளக்கு மாறினால் கணினி உயிரோடு இருக்கிறது. இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக முடிந்தால் இன்னும் உறுதி. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை தெரிந்தால் டிரைவரும் கேபிளும் மானிட்டரும் நலம், சிக்கல் டெஸ்க்டாப்பில். அதுவும் தெரியாவிட்டால் கீழே இறங்கித் தேடவேண்டும். மறுபடி பூட் செய்தபின், முந்தைய அமர்வின் பதிவை ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை காட்டும். கடைசி வரிகள் எங்கே நின்றன என்பதே தடயம்.

என்விடியா கார்டு உள்ளவர்களின் குறையில் உண்மை இருக்கிறது. 2012-இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்த நிறுவனத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். 2022 மே மாதம்தான் அது தன் கெர்னல் பகுதிகளின் மூலநிரலைத் திறந்தது. சஸ்பெண்டின்போது வீடியோ நினைவகம் முழுவதையும் காப்பாற்ற ஒரு டிரைவர் அளவுருவையும், அதோடு சேர்ந்த சஸ்பெண்ட், ரெஸ்யூம் சேவைகளையும் இயக்கவேண்டும் என்று என்விடியாவின் ஆவணமே சொல்கிறது. அவை இயங்காத கணினியில் திரை சிதைந்து எழுவதும் எழாமலே போவதும் வியப்பல்ல. இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வளர்வதால் இத்தகைய தனி ஏற்பாடு அவற்றுக்குத் தேவையில்லை. ஆகவே, “லினக்ஸ் எழாது” என்பதைவிட “இந்தக் கார்டுக்கு இந்த அமைப்பு வேண்டும்” என்று சொல்வதே உண்மை.

வாதம் 6: “தூக்கத்தையே நிறுத்திவிடுங்கள், மானிட்டர் என்ன பெரிய கரண்டா இழுக்கும்?”

வீட்டில் ஒரு மானிட்டர் என்றால் சிறிய தொகைதான். ஆனால் இந்த அறிவுரை பள்ளி ஆய்வகங்களுக்கும் நூலகங்களுக்கும் போய்ச் சேர்கிறது. ஒரு 24 அங்குல எல்இடி மானிட்டர் சுமார் 20 வாட் எடுக்கும். தூக்கத்தில் அரை வாட் அளவுக்கு இறங்கும். 30 மானிட்டர்கள் ஆளில்லாத 16 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 9.6 யூனிட், மாதத்தில் 25 நாளுக்கு 240 யூனிட். பின்விளக்கின் ஆயுளும் அதோடு குறைகிறது. ஓஎல்இடி மானிட்டர்களுக்கோ தூக்கம் கட்டாயம். படிவுக் கறையைக் குறைக்கும் பராமரிப்பை அவை தூங்கும் நேரத்தில்தான் செய்துகொள்கின்றன.

பழைய கணினிகளுக்கு லினக்ஸ் மறுவாழ்வு தருவதைக் கண்டவன் என்ற முறையில் எனக்கு இதில் அக்கறை உண்டு. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளை ஆய்வகங்களில் இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம். மானிட்டர் தூங்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை ஒதுக்குவது அநியாயம்.

ஆகவே கணினியைப் பராமரிப்பவர்களிடம் என் வேண்டுகோள்: மறுபடி நிறுவுவதைக் கடைசியில் வையுங்கள். நடந்தது வெறும் கறுப்பா, வெளியீட்டு நிறுத்தமா, சஸ்பெண்டா என்று முதலில் தீர்மானியுங்கள். தடை வைத்த நிரலையும் தானாக அசையும் மவுஸையும் பாருங்கள். பிறகு மானிட்டர் மெனு, அதன்பின் கேபிள், அதற்கும் பிறகு டிரைவர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காரணம் தெரிந்ததும் எழுதிவையுங்கள். அடுத்து அந்த இருக்கையில் உட்காருபவருக்கு அது உதவும்.